மகள் கல்யாணத்துக்கு வெள்ளைக் கடதாசி

1

ஆறு வருஷமாக என் மகள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கார் ஓட்டப் பழகியபோது கேட்கவில்லை. தனிவீடு பார்த்துப் போனபோது கேட்கவில்லை. யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்று சத்தியமாகக் கேட்கவில்லை. பிள்ளைகள் பெற்றவர்களிடம் எதையும் கேட்காமல் இருப்பதைத்தான் இந்த நாட்டில் நல்ல வளர்ப்பு என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நான் பிரமாதமாக வளர்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட தர்ஷினி போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். சமையலறை மேசையில் நான் வெட்டிப்போட்டிருந்த வெள்ளைக் கடதாசித் தோரணத்தை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வலை மாதிரி நீளமாக இறங்கும், நுனியில் பூவாக முடியும். எங்கள் ஊர் வெட்டு அது.

"அப்பா, இது நீங்க செஞ்சதா? கையாலயா? என் வெடிங்குக்கு ஹோல் ஃபுல்லா இதான் வேணும்பா. ஒன்லி வைட். வேற கலரே வேணாம்."

பக்கத்தில் நின்ற டேனியல், அதாவது அவள் கட்டிக்கொள்ளப் போகிற வெள்ளைக்காரப் பையன், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நான் பெரிய கலைஞன் என்றான். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கடற்கரை ஊரில் ஒரு ஹோட்டல் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். என்னைக் கலைஞன் என்று முதலில் சொன்னது அவன்தான். "செஞ்சிருவோம்மா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அடுப்படியில் நின்ற என் மனைவி விஜயா, பொரித்துக்கொண்டிருந்த வடையை எண்ணெயிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவளும் என்னைப் போல இலங்கை மலைநாட்டில், கொத்மலைப் பக்கம் பிறந்தவள். அந்தத் தோரணம் எங்கே கட்டுவது என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைகள் காரில் ஏறும்வரை பொறுத்திருந்தாள்.

"ஏங்க, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? மக கல்யாணத்துக்கு எழவு வீட்டுத் தோரணமா கட்டப் போறீங்க?"

2

ஹட்டனுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் ஒரு சாவு விழுந்தால், முதலில் தப்படிக்கிறவருக்குச் சொல்லி விடுவார்கள். இரண்டாவது எனக்குச் சொல்லி விடுவார்கள். சாவு வீட்டிலிருந்து புதைக்கிற இடம்வரை தேயிலைக்கு நடுவே போகிற பாதை முழுக்க இரண்டு பக்கமும் கம்பு நட்டு, கயிறு இழுத்து, வெள்ளைக் கடதாசி கட்ட வேண்டும். ஆம்பிளைகளில் சிலர் தேநீர் காய்ச்ச விறகுக்குப் போவார்கள், சிலர் குழிவெட்டப் போவார்கள். நான் ஒல்லி. விறகுக்கும் ஆகமாட்டேன், குழிக்கும் ஆகமாட்டேன். பதினான்கு வயதில் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து ஒரு மூலையில் உட்காரவைத்தார்கள்.

யாரும் சொல்லித் தரவில்லை. எட்டாக மடித்து, கோணலாக வெட்டி, பிரித்துப் பார்த்தேன். கிழிந்தது. மறுபடி மடித்தேன். மூன்றாவது சாவில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆள் அனுப்பினார்கள். "அவன் வெட்டினா பாதையே மல்லியப்பூ பூத்த மாதிரி இருக்கும்" என்று சொல்வார்கள். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது. நான் குனிந்துகொண்டு உள்ளுக்குள் சிரிப்பேன்.

ஆனால் கோயில் திருவிழாவுக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அப்படி ஒரு வழக்கம். சாவுக்கு வெட்டுகிற கை நல்ல காரியத்துக்கு வெட்டக் கூடாது. என் அக்கா லெட்சுமிக்குக் கல்யாணம் வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. ஹட்டனுக்குப் போய்ச் சிவப்பிலும் மஞ்சளிலும் கடதாசி வாங்கி வந்து, யாருக்கும் தெரியாமல் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து, ஒரு பந்தலுக்குப் போதுமான தோரணம் வெட்டி வைத்திருந்தேன். அக்காதான் பார்த்தாள். என்னை விட ஏழு வயது மூத்தவள், என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

"தம்பி, கோவிச்சுக்காத. இது வேணாம். நாலு பேரு நாலு விதமா சொல்லுவாங்க" என்றாள்.

நான் கோபித்துக்கொள்ளவில்லை. கல்யாணத்தன்று மூன்று தரம் சாப்பிட்டேன். வெட்டின தோரணம் அவ்வளவையும் அடுப்பில் போட்டு எரித்தது நான்தான் என்று இதுவரை அவளிடம் சொன்னதும் இல்லை.

3

இந்த ஊருக்கு வந்த பிறகு பல வருஷம் கத்தரிக்கோலைத் தொடவில்லை. அம்மா செத்துப்போன சமயம், என் விசாக் காகிதங்கள் ஓர் அலுவலகத்தில் ஏதோ ஒரு மேசையில் இருந்தன. போகலாமா என்று கேட்டேன். தாராளமாகப் போகலாம், திரும்பி வரத்தான் முடியாது என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். அன்றைக்குக் கடைக்குப் போய் வெள்ளை மெல்லிசுக் கடதாசி ஒரு கட்டு வாங்கிவந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து வெட்டத் தொடங்கினேன். கட்டுவதற்கு இங்கே பாதையும் இல்லை, பாடையும் இல்லை. விஜயா கோதுமை மாவில் பசை காய்ச்சித் தந்தாள்.

எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். அம்மா செத்த அந்த வாரம் என் கை சந்தோஷமாக இருந்தது. மனசு பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தது, கை பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தது.

அப்போது பிடித்ததுதான். இன்றுவரை விடவில்லை. ஐந்து மணிக்கு வேலை முடிந்து வருகிறேன். நம் ஊர்த் தூளைப் பையில் அடைத்து இவர்கள் விற்கிற தேநீரில் ஒரு கோப்பை. ஒரு வாய் குடித்துவிட்டு, கொழுந்து பறித்தவர்கள் இதைக் கேள்விப்படாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். ஹோட்டலில் கிழிந்த படுக்கை விரிப்புகளை வீசிவிடுவார்கள். கேட்டு வாங்கி வருவேன். அதில் சதுரம் சதுரமாக வெட்டி, விஜயாவின் பழைய புடவைத் துண்டோடு சேர்த்துத் தைத்து, தலையணை உறை, மேசை விரிப்பு, கதவுத் திரை. கடதாசியில் பூ, குருவி, பெயர் தெரியாத ஏதேதோ. மடித்து வெட்டினதைப் பிரிக்கிற அந்த நிமிஷம் இருக்கிறதே, எத்தனை ஆயிரம் தரம் பிரித்தாலும் எனக்கு அலுக்காது. உள்ளே என்ன வந்திருக்கிறது என்று வெட்டினவனுக்கே தெரியாது.

இதற்கு இங்கே நூலகத்தில் வகுப்பு நடத்துகிறார்கள். மன அழுத்தம் குறையுமாம். ஒரு தரம் போனேன். சேர்கிற படிவத்தில், உங்கள் கலை எந்தப் பாரம்பரியத்தைச் சேர்ந்தது, எப்போதெல்லாம் செய்வீர்கள் என்று கேட்டிருந்தார்கள். யாராவது செத்தால் செய்வோம் என்று எழுதினேன். வகுப்பு நடத்துகிற அம்மா அதை வாசித்துவிட்டு என்னை மிகவும் அன்பாகப் பார்த்தார், தேநீர் வேண்டுமா என்றும் கேட்டார். நான் மறுபடி போகவில்லை.

4

மகள் விஷயத்துக்கு வருகிறேன். விஜயாவுக்குப் பயம், ஊர் வாயைப் பற்றி இல்லை. அக்காவைப் பற்றித்தான்.

அக்கா கல்யாணத்துக்கு வருவதாக இருந்தது. விசாவுக்குப் போட்டோம். நுவரெலியாவில் போட்டோ எடுத்து, கொழும்புக்கு இரண்டு தரம் போய்க் கைரேகை வைத்து, கடைசியில் ஒரு கடிதம் வந்தது. இந்த அம்மா தன் நாட்டுக்குத் திரும்பிப் போவார் என்று நம்புவதற்கு அங்கே அவருக்குப் போதிய பிடிப்பு இல்லையாம். நாற்பது வருஷம் ஒரே மலையில் கொழுந்து பறித்தவளுக்குப் பிடிப்பு இல்லை. எங்கள் அப்பாவிடம், நீ இந்த நாட்டுக்காரன் என்பதற்கு அத்தாட்சி எங்கே என்று அங்கேயும் ஒரு காலத்தில் கேட்டார்கள். எங்கள் குடும்பம் எங்கே பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது எந்த அலுவலகத்துக்கும் இதுவரை விளங்கவில்லை.

ஆக, அக்கா போனில்தான் பார்ப்பாள். பார்க்கிற நேரத்தில், ஆசை ஆசையாகக் காத்திருந்த மருமகள் கல்யாணத்தில் தலைக்கு மேலே எழவுத் தோரணம் தொங்கினால்?

"அண்ணிக்கு நெஞ்சு வெடிச்சிரும்ங்க" என்றாள் விஜயா. "கடையில ஆர்டர் பண்ணிக்கச் சொல்லுங்க பிள்ளைய."

"ஆறு வருஷத்துல மொத தடவையா கேட்டிருக்கா, விஜயா."

அவள் அலுமாரியைத் திறந்து, கட்டாமல் வைத்திருந்த புடவைகளில் ஏழெட்டை எடுத்து மேசையில் போட்டாள். சிவப்பு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை.

"பின்பக்கம் இத வச்சுத் தைங்க. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கலரு. வாசப்பக்கமிருந்து பாத்தா வெள்ளையா தெரியட்டும். அந்தக் கடைசியில போனை ஒரு ஸ்டாண்டுல வச்சிருவோம். அண்ணி கலரத்தான் பாப்பாங்க."

இருபத்தெட்டு வருஷம் அவளோடு குடித்தனம் நடத்துகிறேன். அன்றைக்குத்தான் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

நான்கு மாதம் அதுவே வேலை. சாயங்காலம் ஆனால் நான் வெட்டுவேன், அவள் புடவைத் துணியை அதே அளவுக்கு வெட்டுவாள், இருவரும் சேர்ந்து நூலோட்டுவோம். தொலைக்காட்சியை மறந்தோம். சண்டையைக்கூட மறந்துவிட்டோம் என்றால் பாருங்கள். வெள்ளைப் பூவின் ஓட்டை வழியாகப் பின்பக்கத்துச் சிவப்பு எட்டிப் பார்க்கும்போது, "நல்லாத்தாங்க இருக்கு" என்று அவளே சொல்லிவிட்டு, சொன்னதற்காக உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

நடுவில் மண்டபத்துக்காரர் ஒரு படிவம் அனுப்பினார். கடதாசி அலங்காரம் என்றால் அது தீப்பிடிக்காது என்று உறுதி கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் குழியை மூடியதும் அதைப் பாடையோடு சேர்த்துக் கொளுத்திவிடுவோம், யாரும் உறுதி கேட்டதில்லை. ஏதோ ஒரு திரவத்தைத் தெளித்துவிட்டு, ஒரு துண்டில் தீக்குச்சி வைத்துச் சோதிக்கச் சொன்னார்கள். வீட்டுப் பின்தோட்டத்தில் நின்று, ஒரு முழம் வெள்ளைத் தோரணத்தைக் கம்பியில் தொங்கவிட்டுக் குச்சியைக் கிழித்தேன்.

ஜன்னலைத் திறந்து விஜயா கத்தினாள்: "அடக் கடவுளே! கல்யாணத்துக்கு முந்தியே கொள்ளி வேற வைக்கிறீங்களா?"

5

கல்யாணத்தன்று எங்களுக்கு மதியம், அங்கே சாயங்காலம். எங்கள் லயத்தில் சிக்னல் கிடைப்பது பிள்ளைக்காம்பரா வாசற்படியில்தான். பகலில் பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற அந்தக் கட்டடத்து வாசலில், அக்கா நல்ல புடவை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, சுற்றிலும் பத்துப் பதினைந்து பேரோடு உட்கார்ந்திருந்தாள். மண்டபத்தின் கடைசியில் போனை ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தோம். அதில் தெரிந்ததெல்லாம் சிவப்பும் மஞ்சளும் பச்சையும்தான்.

"அடியாத்தி, திருவிழா மாதிரி இருக்கு!" என்று அக்கா கத்தியது மண்டபம் முழுக்கக் கேட்டது. விஜயா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். தப்பித்தோம்.

அரை மணி நேரம் தப்பித்திருந்தோம். மோதிரம் மாற்றி, கையெழுத்துப் போட்டு, எல்லாரும் கைதட்டி முடித்ததும், தர்ஷினி வெள்ளை உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே போய் ஸ்டாண்டிலிருந்து போனைக் கழற்றினாள்.

"அத்தை! வாங்க, ஃபுல்லா காட்றேன். எல்லாம் அப்பா செஞ்சாங்க. நாலு மாசம்!"

நான் எழுந்து ஓடினேன். என் வயசுக்கு நாற்காலிகளுக்கு நடுவே அப்படி ஓடக் கூடாது. அதற்குள் அவள் வாசல்வரை போய்த் திரும்பி, போனை உயர்த்தி, மண்டபம் முழுக்கத் தொங்கிய வெள்ளையை வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அங்கே பேச்சு நின்றுவிட்டது. ஒரு கிழவி மட்டும், "யாத்தே, இது..." என்று ஆரம்பித்தாள், யாரோ அவளை அதட்டினார்கள்.

"கிட்ட புடி, பாப்பா" என்றது அக்கா குரல். "இன்னும் கிட்ட. ம். தம்பி எங்க? தம்பிகிட்ட குடு."

போனை வாங்கிக்கொண்டு, கழிவறைக்குப் போகிற நடைபாதையில் போய் நின்றேன். மறுபடி எனக்குப் பதினைந்து வயது.

"என்னடா, பேசாம நிக்கிற?"

"அக்கா, அவ ஆசைப்பட்டு கேட்டா. நான் என்ன செய்ய?"

"கேட்டா செஞ்சு குடுக்க வேண்டியதுதான். அதுக்கு ஏன் திருடன் மாதிரி முழிக்கிற?"

"நீதானே அன்னிக்கு வேணாம்னு சொன்ன? ஒன் கல்யாணத்துக்கு."

அவளுக்கு நினைவு வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. வந்ததும் பலமாகச் சிரித்தாள்.

"அட கிறுக்கா! அன்னிக்கு எனக்கு என்ன வயசு? நாலு பேருக்குப் பயந்து சொன்னேன். அதையா இம்புட்டு வருஷமா வச்சிருக்க? இப்ப ஹட்டன்ல எந்தக் கல்யாண ஹோலுக்குப் போனாலும் வெள்ளைத் துணிதான்டா. எங்க சின்னவ கல்யாணத்துக்கும் வெள்ளைதான் கட்டினோம். போட்டோ அனுப்பினேனே, பாக்கலயா நீ?"

பார்த்தேன்தான். யார் யார் வந்திருக்கிறார்கள், யார் இளைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். மேலே என்ன கட்டியிருக்கிறது என்று பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்திய ஒரு தோட்டத்துக்குப் பயந்து நானும் விஜயாவும் நான்கு மாதம் பின்பக்கம் தைத்திருக்கிறோம்.

"நல்லா இருக்குடா" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "ஒன் கை வெட்டுன்னு பாத்ததும் தெரிஞ்சிருச்சு. ஒண்ணு சொல்றேன், கேளு. எல்லாம் முடிஞ்சதும் அத கிழிச்சுப் போட்றாத. பதனமா மடிச்சு எனக்கு அனுப்பிரு."

"ஒனக்கா? எதுக்கு?"

"எதுக்குன்னா? நான் போற அன்னிக்குக் கட்டத்தான். அம்மாவுக்கே நீ வந்து சேர முடியல. எனக்கு மட்டும் அவங்க ஒன்ன விட்ருவாங்களா? லீவு கெடைக்கணும், பிளேன் கெடைக்கணும். நீ வராட்டியும் நீ வெட்டினது வந்துரும்ல. முன்னாடியே வாங்கி வச்சுக்கிட்டா யாருக்கும் செரமம் இல்ல."

வரும்போது ஒரு குடை வாங்கிக்கொண்டு வா என்கிற குரலில்தான் சொன்னாள். அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. கை காயவைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். கழிவறைக்கு வந்த டேனியலின் மாமா ஒருவர், மகளைக் கட்டிக்கொடுக்கிற அப்பாக்கள் எல்லாரும் இப்படித்தான் என்று சொல்லி என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"அத்தை என்னப்பா சொன்னாங்க?" என்று தர்ஷினி ஓடிவந்து கேட்டாள்.

"ரொம்பப் புடிச்சிருக்காம். அவங்களுக்கு அனுப்பச் சொல்றாங்க."

"ஸோ ஸ்வீட்! அனுப்புவோம்பா!"

விருந்து முடிந்ததும் அவளும் டேனியலும் நாற்காலியில் ஏறி, ஒன்றுகூடக் கிழியாமல் எல்லாவற்றையும் கழற்றினார்கள். எப்படி மடிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டுக் கேட்டு மடித்தாள். ஆறு வருஷத்துக்கும் சேர்த்து அன்றைக்கே கேட்டுவிட்டாள்.

6

பெட்டி இரண்டு மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடந்தது. போன் எடுக்கிறபோதெல்லாம் அக்கா, "அனுப்பிட்டியா?" என்றாள். தர்ஷினியும் கேட்டாள். விஜயா மட்டும், "உசுரோட இருக்கிற மனுசிக்கு அத அனுப்பினீங்கனா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்றாள். அக்கா கேட்டு நான் எதையும் இல்லை என்றதில்லை. அதை அனுப்பினால் ஒரு காரியத்துக்குச் சம்மதம் சொன்ன மாதிரி ஆகிவிடும். அனுப்பாவிட்டால், என் கை வெட்டு ஒன்றுகூட இல்லாமலேயே அவளைப் புதைக்கட்டும் என்று விட்ட மாதிரி ஆகிவிடும்.

ஒரு நாள் வேலையிலிருந்து வந்து பெட்டியைப் பிரித்தேன். தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாங்கள் இரண்டு பேரும் போட்ட ஒவ்வொரு நூலையும் அறுத்து, வெள்ளையைத் தனியாகவும் கலரைத் தனியாகவும் பிரித்தேன். மூன்று வாரம் ஆனது. தைப்பதில் இருக்கிற சந்தோஷம் பிரிப்பதிலும் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

கலரை மட்டும் பெட்டியில் வைத்துத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோனேன். உள்ளே என்ன என்று படிவம் கேட்டது. பழைய புடவை என்று எழுதினேன். வெள்ளையைத் தலையணை உறையில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு போகிற ஆள் நான்தான். தபால்காரன் இல்லை.

போன வாரம் அக்கா ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். எட்டு வீட்டுக் காம்பராவுக்கும் சேர்த்து லயத்து முன்கூரை நெடுகிலும் விஜயாவின் புடவைத் துண்டுகள் தொங்குகின்றன. மழைச்சாரலில் நனைந்து சிவப்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது. நடுவில் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். கீழே குரல் செய்தி ஒன்று.

"கலரு வந்துருச்சு. வெள்ளை எங்கடா?"

நான் பதில் போடவில்லை. நேற்றும் கேட்டிருந்தாள், இன்று காலையும் கேட்டிருந்தாள். கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.